அளவுகோல் யார் கையில்?

மனிதரின் மனப்பான்மையை அளப்பதற்கென முறையாகச் செய்யப்பட்ட முதல் அளவுகோல்களுள் ஒன்று, திருச்சபையைப் பற்றி மக்கள் என்ன கருதுகின்றனர் என்பதை அறியச் செய்யப்பட்டது என்ற செய்தி வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். சிக்காகோ பல்கலைக்கழகத்து உளவியலார் லூயி தர்ஸ்டோன் 1928-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மனப்பான்மைகளை அளக்க முடியும் என்பதே அதன் தலைப்பு. அடுத்த ஆண்டே எர்னஸ்ட் சேவ் என்பாருடன் இணைந்து அதைச் செய்தும் காட்டினார். திருச்சபையைப் பற்றிய 130 கூற்றுகளை அவர்கள் திரட்டினர். அவற்றை 300 பேர், மிகுந்த ஆதரவிலிருந்து மிகுந்த வெறுப்பு வரை 11 அடுக்குகளாகப் பிரித்து வைத்தனர். இறுதியில் 45 கூற்றுகள் தேறின. ஒருவர் அவற்றுள் எவற்றை ஏற்கிறார் என்று பார்த்தால், அவருடைய உள்ளம் நிற்கும் இடம் ஓர் எண்ணாக வந்துவிடும். ஒப்புரவு அருட்சாதனத்திலேயே தயங்கித் தயங்கி வெளிவரும் மனித உள்ளம், ஒரு தாளில் இத்தனை எளிதாக வெளிப்படுமா என்ற ஐயம் நமக்கு எழுவது இயல்பே. அந்த ஐயத்திற்குப் பின்னர் வருவோம்.

1932-இல் ரென்சிஸ் லைகர்ட் என்பவர் இம்முறையை எளிமையாக்கினார். ஒரு கூற்றைக் கொடுத்து, முழுமையாக ஏற்கிறேன் என்பதில் தொடங்கி முற்றிலும் மறுக்கிறேன் என்பது வரை ஐந்து படிகளுள் ஒன்றைக் குறிக்கச் சொன்னால் போதும் என்றார். இன்று வங்கியிலும் விடுதியிலும் நம் கையில் திணிக்கப்படும் கருத்துப் படிவங்களெல்லாம் அந்த ஐந்து படிகளின் வழிவந்தவையே. அதே படிகள் மெல்ல மருத்துவமனைக்கும், அங்கிருந்து செவிலியக் கல்லூரிக்கும் ஏறின. வளர்ச்சிசார் குறைபாடு உடையோரைப் பேணுவது பற்றிச் செவிலியருக்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியர்களின் மனம் எப்படி இருக்கிறது என்ற கேள்வியும் ஒருநாள் அந்தப் படிகளில் ஏறியது. ஆனால் அந்த நாள் எளிதில் வந்துவிடவில்லை. அதற்கு முன் பல்லாண்டுக் காலம், அளவுகோலுக்குக் கீழே நிறுத்தப்பட்டவர்கள் வேறு மனிதர்கள்.

வளர்ச்சிசார் குறைபாடு என்ற சொல்லைச் சற்று விளக்கிவிடுவது நல்லது. பிறப்பிலோ வளரும் பருவத்திலோ தோன்றி, வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து, கற்றல், பேச்சு, நடமாட்டம், தன்னைத் தானே பேணிக்கொள்ளுதல் ஆகியவற்றைப் பாதிக்கும் நிலைகளை அது குறிக்கும். அறிவுத்திறன் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் முதலியன இதில் அடங்கும். 1970-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று இப்பெயருக்கு வாழ்வளித்தது. அதற்கு முன் இம்மக்களுக்கு வழங்கப்பட்ட பெயர்களை இங்கு எழுதக் கை கூசுகிறது. எனினும் அவை வசைச் சொற்களாகப் பிறந்தவை அல்ல, அறிவியல் சொற்களாக வகுக்கப்பட்டவை என்பதை மறைப்பதற்கில்லை.

1905-இல் பாரிஸ் நகரில் ஆல்ஃபிரட் பினே, தியோடோர் சிமோன் என்ற இருவரும் சேர்ந்து சிறுவரின் அறிவுத்திறனை அளக்கும் தேர்வு ஒன்றை அமைத்தனர். பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனிக் கவனம் தருவதே நோக்கம். அறிவு என்பது மாறாத அளவு என்று முடிவுகட்டுவோரைப் பினே வெளிப்படையாகவே கண்டித்தார். 1911-இல் அவர் மறைந்தார். அதற்குள்ளாகவே அவருடைய தேர்வு அட்லாண்டிக் கடலைத் தாண்டிவிட்டது. நியூஜெர்சி மாநிலத்து வைன்லாந்து பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய ஹென்றி காடார்டு, 1910-இல் அத்தேர்வைக் கொண்டு மனிதரைப் படிநிலைகளாக வகுத்தார். மேல்படியில் நின்றோருக்கு, மூடர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'மோரான்' என்ற புதுப்பெயரைச் சூட்டினார். உதவி தேடிச் செய்யப்பட்ட கருவி, ஒதுக்கி வைப்பதற்கான கருவியானது.

ஒதுக்கியதோடும் நிற்கவில்லை. வர்ஜீனியா மாநிலத்தில் காரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. செய்யலாம் என்று 1927-இல் எட்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஒருவர் மட்டும் மறுத்தார். அவர் பெயர் பியர்ஸ் பட்லர். அந்த அமர்விலிருந்த கத்தோலிக்கர். மறுப்புக்குரிய காரணத்தை அவர் எழுதி வைக்கவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, 1930-ஆம் ஆண்டின் கடைசி நாளில், திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் திருமணம் பற்றிய தம் சுற்றுமடலில் இத்தகைய கருத்தடையைக் கண்டித்தார். ஆயினும் அமெரிக்காவில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இச்சட்டங்களுக்கு இரையாயினர்.

ஜெர்மனியில் நிகழ்ந்தது இன்னும் கொடியது. அங்கேதான் செவிலியர் நேரடியாக இக்கதைக்குள் வருகின்றனர். 1939 ஆகஸ்டில், குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி மருத்துவரும் மருத்துவச்சிகளும் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்ற ஆணை பிறந்தது. அதைத் தொடர்ந்து, மனநோயாளரும் அறிவுத்திறன் குறைந்தோருமாக 70,000-க்கும் மேற்பட்டோர், 1941 ஆகஸ்டுக்குள் நச்சுக் காற்று அறைகளில் கொல்லப்பட்டனர். அம்மாதம் 3-ஆம் நாள் மியூன்ஸ்டர் ஆயர் கிளமென்ஸ் வான் காலன் தம் மறையுரையில் அக்கொலைகளைக் கொலை என்றே பெயர்சொல்லிக் கண்டித்தார். மறையுரை படியெடுக்கப்பட்டுக் கைமாறி நாடெங்கும் பரவியது. மூன்று வாரங்களில் ஹிட்லர் நச்சுக் காற்று அறைகளை நிறுத்த ஆணையிட்டார். ஆனால் கொலைகள் நிற்கவில்லை. அவை மருத்துவமனை வார்டுகளுக்குள் இடம் மாறின. பட்டினியாலும் மிகையான மருந்தாலும் நோயாளிகள் மாண்டனர். மருந்தைக் கலக்கியவர்களும், குடிக்க மறுத்தவர்களைத் தாங்கிப் பிடித்துக் குடிக்கச் செய்தவர்களும் செவிலியரே.

மெசெரிட்ஸ்-ஒப்ரவால்டே என்ற மருத்துவமனையில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் இவ்விதம் மாண்டனர். அங்குப் பணிபுரிந்த பதினான்கு செவிலியர் 1965-இல் மியூனிக் நகரில் விசாரிக்கப்பட்டு விடுதலை செய்யப்பட்டனர். மருத்துவர் சொன்னதைச் செய்தோம் என்பதே பலருடைய வாக்குமூலத்தின் சாரம். இவர்கள் அரக்கிகள் அல்லர். பயிற்சி பெற்றவர்கள், பல ஆண்டுகள் நோயாளிகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, படுக்கை விரித்தவர்கள். கீழ்ப்படிதல் செவிலியரின் தலையாய பண்பு என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. படுக்கையில் கிடப்பவர் தம்மையொத்த மனிதர் என்பது அந்த அளவுக்கு அழுத்தமாகக் கற்பிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. செவிலியப் பள்ளி ஆசிரியர் எதைச் சொல்கிறார் என்பதோடு, எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதும் உயிர்காக்கும் அல்லது உயிர்போக்கும் செய்தி என்று நாம் கருதுவதற்கு இந்த வரலாறே போதும்.

போர் முடிந்த பின்னும், வென்ற நாட்டில் நிலைமை பெரிதும் திருந்தவில்லை. 1965-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் பர்ட்டன் பிளாட் என்ற பேராசிரியரும் பிரெட் கப்லான் என்ற புகைப்படக் கலைஞரும் அமெரிக்க அரசு இல்லங்கள் சிலவற்றுக்குச் சென்றனர். கப்லானின் இடுப்பில் ஒரு கேமரா மறைந்திருந்தது. துணியில்லாமல் சுவரோரம் ஒண்டியிருந்த மனிதரை அது படம்பிடித்தது. அப்படங்கள் 1966-இல் நூலாயின. நூலுக்கு அவர்கள் இட்ட பெயரைத் தமிழில் உத்தரிப்பு ஸ்தலத்தில் கிறிஸ்துமஸ் எனலாம். அதே 1965-இல், நியூயார்க்கில் நாலாயிரம் பேருக்கெனக் கட்டப்பட்ட வில்லோபுரூக் இல்லத்தில் ஆறாயிரம் பேர் அடைக்கப்பட்டிருப்பதைச் செனட்டர் ராபர்ட் கென்னடி நேரில் கண்டு கண்டித்தார். 1972-இல் தொலைக்காட்சி அதை வீட்டுக்கு வீடு காட்டியது. 1987-இல்தான் அது முற்றிலும் மூடப்பட்டது. அங்கிருந்தோரின் அறிவுத்திறன் எண் ஒவ்வொருவர் கோப்பிலும் துல்லியமாக எழுதப்பட்டிருந்தது. அவர்களைப் பேணியோரின் மனப்பான்மை எந்தக் கோப்பிலும் இல்லை.

அளவுகோலின் முனை திரும்பத் தொடங்கியது ஏறக்குறைய இக்காலத்திலேதான். நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவில், பிறவியிலேயே கால்கள் முழுமையாக வளராத ஹென்றி விஸ்கார்டி என்பவர், குறைபாடு உடையோரே வேலை செய்யும் தொழிலகம் ஒன்றை 1952-இல் தொடங்கினார். அதனோடு இணைந்த ஆய்வு அமைப்பிலிருந்து, ஹெரால்டு யூக்கரும் அவருடைய தோழர்கள் இருவரும் 1960-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். குறைபாடு உடையோர் மற்றவரைப் போன்றவரே என்றும், அல்லர் என்றும் பொருள்படும் 20 கூற்றுகள் அதிலிருந்தன. பின்னர் வந்த படிவங்களில் 30 கூற்றுகள். ஏற்போர் கூட்டல் மூன்று வரையும் மறுப்போர் கழித்தல் மூன்று வரையும் குறிக்கலாம். பூச்சியத்துக்கு இடமில்லை, நடுவில் நின்று நழுவ முடியாது. குறைபாட்டோடு வாழ்வோரின் திறமையை உலகம் அளந்தது போதும், அவர்களைப் பார்க்கும் கண்களை அளப்போம் என்ற இந்தத் திருப்பம், எனக்கு வரலாற்றில் ஒரு மனமாற்றம் போலவே தோன்றுகிறது.

யூக்கரின் அளவுகோல் செவிலிய மாணவருக்கும் கொடுக்கப்பட்டது, பின்னர் ஆசிரியருக்கும். 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, புதிதாகச் சேர்ந்த மாணவர், படிப்பை முடிக்கும் மாணவர், பணியிலுள்ள செவிலியர், செவிலிய ஆசிரியர், குறைபாடு உடையோர் ஆகிய ஐந்து தரப்பினரையும் ஒரே கோலால் அளந்து அருகருகே நிறுத்தியது. ஆசிரியர் என்பதால் மட்டும் ஒருவருடைய மனப்பான்மை உயர்ந்துவிடுவதில்லை என்பது அந்த வரிசையில் தெரிந்தது.

ஆனால் நல்ல மனப்பான்மை என்பது என்ன? இந்தக் கேள்வி பார்வைக்கு எளிது. வெறுப்பு தீயது, பரிவு நல்லது என்று நாம் விடை சொல்லிவிடுவோம். வுல்ஃப் வொல்ஃபென்ஸ்பெர்கர் என்ற அறிஞர் 1969-இல் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்றில், சமுதாயம் இம்மக்கள்மீது காலங்காலமாகப் போர்த்தி வந்த வேடங்களைப் பட்டியலிட்டார். மனிதருக்கும் கீழானவர், சமுதாயத்திற்கு ஆபத்தானவர், நோயாளி, நகைப்புக்குரியவர் என்பவற்றோடு இரக்கத்துக்குரியவர், அறத்தின் சுமை, என்றுமே குழந்தையாக இருப்பவர், மாசற்ற புனிதர் என்பவையும் அப்பட்டியலில் இருந்தன. பின்னால் உள்ளவை நமக்கு மிகவும் பழக்கமானவை. கடவுளின் குழந்தை என்று சொல்லி, நாற்பது வயது மனிதரின் கன்னத்தைக் கிள்ளுகிறோம். பாவமறியாத உள்ளம் என்று சொல்லி, அவருக்கும் கோபம், காதல், சலிப்பு உண்டென்பதை மறுத்துவிடுகிறோம். புனிதராக்கப்பட்டவருக்குப் பல்வலி வருமா என்று யாரும் கேட்பதில்லை!

1996-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், அறிவுத்திறன் குறைபாடு உடையோர் சமூகத்தில் வாழ்வது பற்றிய மனப்பான்மையை அளக்கத் தனிக் கோல் ஒன்றைச் செய்தபோது, அதை ஒரே எண்ணாகச் சுருக்கவில்லை. நான்கு முகங்களாகப் பிரித்தனர். அவர் தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்கலாம் என்பது ஒன்று. அவரை விலக்கி வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. அவர் நம்மைப் போன்றவரே என்பது மூன்றாவது. அவரைப் பொத்திப் பாதுகாக்க வேண்டும் என்பது நான்காவது. விலக்குவதையும் பொத்திப் பாதுகாப்பதையும் தனித்தனியே அளந்ததில் பெரிய நுட்பம் இருக்கிறது. ஏனெனில் விலக்கலை அறவே வெறுக்கும் ஒருவர், பாதுகாப்பில் மிக உயர்ந்த எண்ணைப் பெறக்கூடும். நம் இல்லங்களில் இரவும் பகலும் உழைக்கும் எத்தனையோ நல்லுள்ளங்கள் அந்த இடத்தில்தான் நிற்கின்றன என்று எண்ணுகிறேன். அவர்களுடைய அன்பில் குறையில்லை. எந்த உடை உடுத்துவது, எப்போது உறங்குவது, யாருடன் பேசுவது என்பவற்றையெல்லாம் அந்த அன்பே முடிவுசெய்து விடுகிறது என்பதுதான் சிக்கல்.

ஆசிரியரின் மனப்பான்மையைத் தனியே கவனிக்க வேண்டியதற்கு ஒரு காரணம், பாடத்திட்டத்தின் அமைப்பு. இங்கிலாந்தில் அறிவுத்திறன் குறைபாடு உடையோரைப் பேணுவதற்கெனத் தனிச் செவிலியப் பிரிவே உண்டு. அங்குச் செவிலியர் பதிவு பெறும் நான்கு பிரிவுகளுள் அது ஒன்று. அமெரிக்காவில் அவ்வாறில்லை, பட்டம் பொதுவானது. நம் நாட்டிலும் அப்படியே. பொதுவான பட்டத்தில் இப்பொருள் குழந்தை நலப் பாடத்தில் சில பக்கங்களாகவும், மனநலப் பாடத்தில் சில பக்கங்களாகவும் சிதறிக் கிடக்கும். அப்பக்கங்களை விரித்துரைப்பதும், நேரமில்லை என்று தாண்டிச் செல்வதும் ஆசிரியர் விருப்பம். புனித அகுஸ்தினார் சபையினரின் வில்லனோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் ஸ்மெல்ட்சரும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கச் செவிலியக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் குறைபாடு பற்றிய பகுதி மிகச் சிறியது என்று காட்டியது. இதை ஒரு வட்டம் எனலாம். கற்பிக்கப்படாத மாணவி செவிலியாகிறார். செவிலி சில ஆண்டுகளில் ஆசிரியராகிறார். தமக்குக் கற்பிக்கப்படாததைத் தாமும் தாண்டிச் செல்கிறார். தீய எண்ணம் எவருக்கும் இல்லை.

அதன் விளைவு வார்டில் தெரியும். பேச்சு வராத இளைஞர் ஒருவர் தம் கையால் தலையில் அடித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று செவிலி குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். அடித்துக்கொண்டது செவிக்குள் சீழ்பிடித்த வலியால் என்பது எவருக்கும் தோன்றவில்லை. நோயின் அறிகுறியைக் குறைபாட்டின் நிழல் மறைத்துவிடுகிறது. 1982-இல் ஸ்டீவன் ரைஸ் என்ற உளவியலாரும் தோழர்களும், மனநோயைக் கண்டறிவதில் நேரும் இத்தகைய பிழைக்கு நிழலடித்தல் என்று பொருள்படும் பெயரையே இட்டனர். பின்னர் அப்பெயர் உடல்நோய்க்கும் விரிந்தது.

நிழல் கொல்லவும் கூடும். இங்கிலாந்தில் மென்காப் என்ற அமைப்பு, தேசிய நலப் பணியின் பொறுப்பிலிருந்தபோது இறந்த ஆறு பேரின் கதையை 2007-இல் வெளியிட்டது. அலட்சியத்தால் சாவு என்பது அவ்வறிக்கையின் தலைப்பு. அதன்பின் அரசு அமைத்த விசாரணையின் தொடர்ச்சியாக, தென்மேற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்த 247 இறப்புகள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன. 2013-இல் முடிவு வெளிவந்தது. அறிவுத்திறன் குறைபாடு உடைய ஆண்கள் மற்ற ஆண்களைவிட 13 ஆண்டுகள் முன்னதாகவும், பெண்கள் மற்றப் பெண்களைவிட 20 ஆண்டுகள் முன்னதாகவும் இறந்திருந்தனர். நோயைக் கண்டறிவதில் தாமதம், வீட்டார் சொன்னதைக் காதில் வாங்காமை, சிகிச்சையைச் சற்றே மாற்றி அமைக்க முயலாமை ஆகியவை மீண்டும் மீண்டும் தலைகாட்டின. தனிச் செவிலியப் பிரிவு உள்ள நாட்டிலேயே இந்நிலை. ஏனெனில் அந்நோயாளிகள் சென்றது பொது மருத்துவமனைக்கு. அங்கு அவர்களை எதிர்கொண்டவர் பெரும்பாலும் பொதுச் செவிலியர்.

இனி நாம் முன்பு ஒத்திவைத்த ஐயத்துக்கு வருவோம். தாளில் குறிப்பது உள்ளத்தில் இருப்பதுதானா? 1930-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாப்பியர் என்ற சமூகவியலார், சீனத் தம்பதியர் இருவருடன் அமெரிக்காவெங்கும் பயணம் செய்தார். சீனர்மீது வெறுப்பு மிகுந்திருந்த காலம் அது. 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் மறுக்கப்பட்டார்கள். சில மாதங்கள் கழித்து, சீனரை ஏற்பீர்களா என்று அவ்விடங்களுக்கே கடிதம் எழுதிக் கேட்டார். மறுமொழி தந்தோரில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டோர் ஏற்கமாட்டோம் என்றனர். 1934-இல் இது வெளியானது. சொல் கடுமையாகவும் செயல் மென்மையாகவும் இருந்த இந்தக் கதையைச் செவிலியக் கல்லூரியில் தலைகீழாக எதிர்பார்க்கலாம். அங்கே எவரும் குறைபாடு உடையோரை வெறுக்கிறேன் என்று தாளில் குறிக்கப்போவதில்லை. நல்லவராகத் தோன்றும் ஆவல் விடைகளைத் திரிக்கும் என்பதறிந்து, அந்த ஆவலையே அளக்க ஒரு கோலைக் கிரௌன், மார்லோ என்ற இருவர் செய்தனர். அது வெளிவந்த ஆண்டும் 1960. யூக்கரின் கோல் பிறந்த அதே ஆண்டு.

இத்துறையில் நம் மக்கள் நன்கறிந்த பெயர் ழான் வனியே. 1964-இல் பிரான்சின் சிற்றூர் ஒன்றில் அறிவுத்திறன் குறைந்த இருவரோடு சேர்ந்து வாழத் தொடங்கி, உலகெங்கும் பரவிய லார்ஷ் இல்லங்களுக்கு வித்திட்டவர். அவர் இறந்த பின், 2020-இலும் 2023-இலும் அவ்வமைப்பே வெளியிட்ட அறிக்கைகள், ஆன்மிக வழிகாட்டுதலின் பெயரால் அவர் பெண்கள் பலரிடம் முறைகேடாக நடந்ததை உறுதிப்படுத்தின. அப்பெண்கள் அறிவுத்திறன் குறைபாடு உடையோர் அல்லர் என்றாலும் துயரம் சிறிதாகிவிடவில்லை. வலுவற்றோர் பற்றிய அழகிய சொற்களை அளக்கும் எந்தக் கோலிலும் அவர் உச்சியிலேயே நின்றிருப்பார். அவர் தொடங்கிய இல்லங்களில் ஒரே மேசையில் உண்ணும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. தங்கள் நிறுவனர் பற்றிய உண்மையைத் தாங்களே வெளியிட்ட அவ்வமைப்பின் துணிவும் மதிக்கத்தக்கது.

அப்படியானால் இந்த அளவைகளால் பயனில்லையா? நான் அவ்வாறு கருதவில்லை. காய்ச்சலை அளக்கும் கருவி நோயைக் குணமாக்குவதில்லை. அதனால் அதை எவரும் எறிந்துவிடுவதில்லை. ஒரே கல்லூரியில் பாடத்துக்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்கும்போது, எது மனத்தை அசைக்கிறது, எது அசைக்கவில்லை என்பது தெரியவரும். கார்டன் ஆல்போர்ட் 1954-இல் தப்பெண்ணம் பற்றி எழுதிய நூலில், வெறும் பழக்கம் போதாது, சமநிலையில் அமைந்த பழக்கமே தப்பெண்ணத்தைக் குறைக்கும் என்றார். மருத்துவமனையில் கிடைக்கும் பழக்கம் சமநிலையிலானது அன்று. ஒருவர் நிற்கிறார், மற்றவர் படுத்திருக்கிறார். ஒருவர் சீருடையில், மற்றவர் வலியில். வார்டில் மட்டுமே இம்மக்களைக் கண்ட ஆசிரியர், இருபது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும், அவர்களுடைய வாழ்வு துன்பமே உருவானது என்று உண்மையாகவே நம்பலாம். 2021-இல் வெளியான ஆய்வொன்றில் 714 அமெரிக்க மருத்துவரிடம் கேட்டபோது, 100-க்கு 82 பேர், கடும் குறைபாடு உடையோரின் வாழ்க்கைத்தரம் தாழ்ந்தது என்றனர். ஆனால் 1999-இல் கடும் குறைபாடு உடையோரிடமே கேட்ட மற்றோர் ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் வாழ்வு நன்று அல்லது மிக நன்று என்றிருந்தனர்.

சமநிலைப் பழக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு, துயரமான வரலாறு கொண்ட ஒரு குடும்பத்திலிருந்தே வந்தது. கென்னடி குடும்பத்தின் மூத்த மகள் ரோஸ்மேரி அறிவுத்திறன் குறைந்தவர். 1941-இல் அவருக்குச் செய்யப்பட்ட மூளை அறுவை, அவரிடமிருந்த திறன்களையும் பறித்தது. பின்னர் விஸ்கான்சினில் பிரான்சிஸ்கன் அருட்சகோதரியர் நடத்திய புனித கொலெட்டா இல்லத்தில் பல்லாண்டு வாழ்ந்து, 2005-இல் இறந்தார். அவருடைய தங்கை யூனிஸ் 1968-இல் சிக்காகோவில் தொடங்கிய சிறப்பு ஒலிம்பிக் விளையாட்டுகளோடு, 1997 முதல் உடல்நலப் பரிசோதனை முகாம்களும் இணைந்தன. அங்கே மருத்துவ, செவிலிய மாணவர் சந்திப்பது நோயாளிகளை அன்று. ஓடி வென்று, கழுத்தில் பதக்கத்தோடு வரும் வீரர்களை.

இங்கிலாந்து இன்னும் ஒருபடி சென்றது. ஆட்டிசம் இருந்த ஆலிவர் மெக்கோவன் என்ற இளைஞர், வேண்டாம் என்று அவரும் வீட்டாரும் சொல்லியும் கொடுக்கப்பட்ட மருந்தால் 2016-இல், 18 வயதில் இறந்தார். 2022-ஆம் ஆண்டுச் சட்டம், நலப்பணியாளர் அனைவரும் இம்மக்கள் பற்றிய பயிற்சி பெறுவதைக் கட்டாயமாக்கியது. ஆலிவரின் பெயர் தாங்கிய அப்பயிற்சியை, அறிவுத்திறன் குறைபாடு உடையோரும் ஆட்டிசம் உடையோரும் பிறரோடு சேர்ந்து நின்று நடத்துகின்றனர். பினேயின் காலத்தில் மேசைக்கு அப்பால் உட்கார வைத்து அளக்கப்பட்டவர், இப்போது வகுப்பின் முன்னே நிற்கிறார்.

இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 47-ஆம் பிரிவும், செவிலியர் உள்ளிட்டோரின் கல்வியில் இப்பொருள் ஒரு பகுதியாக வேண்டும் என்கிறது. நம் துறவற சபைகள் செவிலியக் கல்லூரிகளையும் நடத்துகின்றன. மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களையும் நடத்துகின்றன. கல்லூரியின் ஆசிரியர் கூட்டத்தில் இத்தகைய படிவம் ஒன்றைப் பெயரின்றி நிரப்பச் செய்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அதனோடு சில எளிய கேள்விகளையும் சேர்க்கலாம். சென்ற ஆண்டில் இவர்களுள் ஒருவரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்டீர்களா? வார்டில் தாயிடம் விவரம் கேட்கும் முன் அவரிடம் பேசினீர்களா? மாணவியர் பார்த்திருக்க அவரை எப்படி விளித்தீர்கள், 'நீ' என்றா, 'நீங்கள்' என்றா? படிவங்கள் எண்ணப்பட்ட பின், இதே மூன்று கேள்விகளை இல்லத்தில் இருப்போரிடமும் கேட்டு, இரு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.